ஒரே நாளில் மூன்று சந்திப்பு இடங்கள்: 1944 டிசம்பர் புயலில் அமெரிக்க 3-ஆம் கடற்படை

1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸ் கடலில் அமெரிக்கக் கடற்படை மூன்று நாசகாரிக் கப்பல்களை (destroyer எனப்படும் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) இழந்தது. ஏறத்தாழ 790 பேர் இறந்தார்கள். 146 விமானங்கள் கடலில் விழுந்தும் எரிந்தும் நொறுங்கியும் வீணாயின. இத்தனைக்கும் அன்று எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை.

இந்த ஆய்வில் யாருடைய பெயரையும் சொல்லவில்லை, பதவியை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் வரலாற்றில் பெயர் பதித்தவர்கள்தான், தேடினால் உடனே கிடைத்துவிடுவார்கள். ஆனால் படைத் தலைவரின் பெயரை எடுத்தாலே நீ அவர் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று பேச்சு திரும்பிவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்த இரண்டு நாளில் என்னென்ன தெரிந்திருந்தது, என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான்.

பின்னணி

டிசம்பர் 15 அன்று அமெரிக்கத் தரைப்படை மிண்டோரோ தீவில் இறங்கியது. அதற்கு வடக்கே இருக்கும் லூசானில் ஜப்பானிய விமானத் தளங்கள் இருந்தன. தற்கொலை விமானங்கள் அங்கிருந்து கிளம்பிவிடாதபடி அந்தத் தளங்களை அடித்துக்கொண்டே இருப்பது 3-ஆம் கடற்படையின் வேலை. 14, 15, 16 ஆகிய மூன்று நாளும் அடித்தார்கள். கப்பல்களில் எண்ணெய் வற்றியது. 17 அன்று கிழக்கே ஒதுங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு, 19 அன்று திரும்ப வந்து தாக்குவதாகத் தரைப்படைத் தளபதிக்கு வாக்குக் கொடுத்திருந்தார் படைத் தலைவர்.

இந்த வாக்குக்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், லெய்ட்டே வளைகுடாப் போரின்போது இதே படைத் தலைவர் வடக்கே தெரிந்த ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களைத் துரத்திப் போனார். அவர் போன நேரத்தில் காவலின்றிக் கிடந்த சான் பெர்னார்டினோ நீரிணை வழியே எதிரியின் போர்க்கப்பல்கள் உள்ளே நுழைந்து, தரையிறக்கத்துக்குக் காவலாக நின்ற சிறு கப்பல்களைப் பதம் பார்த்தன. தரைப்படையை நடுவழியில் விட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சு அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. டிசம்பரில் அதை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தார் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் 19-ஆம் தேதியை அவர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காததை அந்த அக்டோபரை ஒதுக்கிவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.

படை சிறியது அல்ல. 7 பெரிய விமானம் தாங்கிக் கப்பல்கள், 6 சிறியவை, 8 போர்க்கப்பல்கள், 15 குரூசர்கள், ஏறத்தாழ 50 நாசகாரிகள். இவற்றோடு, நடுக்கடலில் எண்ணெய் கொடுக்க வந்த தனித் தொகுதி ஒன்று. பெரிய கப்பல்களுக்கு எண்ணெய் பெரிய கவலை இல்லை. நாசகாரிகளுக்குத்தான் தொட்டி சிறியது. சிலவற்றில் கொள்ளளவில் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

17-ஆம் தேதி கண்ணில் பட்டவை

காலையில் காற்று 20 முதல் 30 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் வடக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவிலிருந்து வீசியது. அலை ஒரு திசையிலும் காற்று வேறொரு திசையிலுமாக இருந்தன. கடலில் எண்ணெய் நிரப்புவதென்றால் இரண்டு கப்பல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், நடுவில் ரப்பர் குழாய் தொங்கும். அன்று ஒவ்வொரு அலைக்கும் இரண்டும் நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தன. குழாய்கள் அறுந்தன. படைத் தலைவர் இருந்த போர்க்கப்பலின் பக்கத்திலேயே வந்து நின்ற 'ஸ்பென்ஸ்' என்ற நாசகாரிக்கும் குழாய் அறுந்தது. அந்தக் கப்பல் எண்ணெய் இல்லாமல் தவித்ததைத் தலைவர் தன் கண்ணாலேயே பார்க்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகல் 1 மணி வாக்கில் நிரப்புவதை நிறுத்தச் சொன்னார்.

புயல் எங்கே இருந்தது? தலைமைக் கப்பலின் வானிலை அதிகாரி, கிழக்கே ஏறத்தாழ 500 மைல் தள்ளி ஏதோ ஒரு கலக்கம் இருப்பதாகக் கணித்தார். அது ஒரு குளிர்காற்று முகப்பில் முட்டி வடகிழக்கே திரும்பிவிடும் என்பது அவர் எண்ணம். உண்மையில் அது முழுமையான சூறாவளி. தென்கிழக்கே 120 மைல் அளவில்தான் இருந்தது, மேற்கு-வடமேற்காக நகர்ந்துகொண்டிருந்தது. அளவில் சிறியது, இறுக்கமானது, அதனால் தூரத்திலிருந்தே எச்சரிக்கும் பெரிய அலையை முன்கூட்டி அனுப்பவில்லை. வானிலைச் செய்திகளும் சங்கேத மொழியில் கட்டி அவிழ்க்கப்பட்டுத் தாமதமாகவே கைக்கு வந்தன.

அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. 1944-இல் செயற்கைக்கோள் இல்லை. அந்தக் கடல் பரப்பில் வானிலை நிலையங்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன, பாதி இடம் எதிரி கையில்.

ஆனால் ஒன்று இருந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் வலக்கைப் பக்கம், சற்றே பின்தள்ளி இருக்கும். பூமியின் வடபாதியில் எங்கும், நம் வங்கக் கடலிலும் இதே கணக்குதான். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமி வானொலியும் வரைபடமும் இல்லாமல் இந்த விதியையும் காற்றழுத்தமானியையும் வைத்தே தப்பித்தான். 17-ஆம் தேதி காற்று வந்த திசைக்கு இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் மையம் தென்கிழக்கு வாக்கில் என்று வரும். அங்கேதான் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களில் இந்தக் கணக்குத் தெரியாத மாலுமி இருந்திருக்க முடியாது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

நிரப்புவதை நிறுத்தியது முதல் முடிவு. அது சரியான முடிவு.

அடுத்து, மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி சந்தித்து எண்ணெய் நிரப்ப ஓர் இடம் குறித்தார்கள்: வடக்கு 17 பாகை, கிழக்கு 128 பாகை. படை வடமேற்காகக் கிளம்பியது. புயலும் ஏறத்தாழ அதே போக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தைக்கு நடப்பதுபோல் ஒன்றாகவே போயின.

பிற்பகலில் அந்த இடம் சரிப்படாது என்று தெரிந்து, 14 பாகைக்கு, அதாவது நன்றாகத் தெற்கே மாற்றினார்கள். இரவு 10 மணிக்குப் பிறகு மூன்றாவது இடம் வந்தது: 15 பாகை 30 கலை, அதாவது பதினைந்தரைப் பாகை, மறுபடி வடக்கே. இரண்டாவது இடத்துக்கே விடாமல் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பட்டது. அன்று பகல் முழுக்கத் தலைமைக் கப்பலில் கேட்கப்பட்ட கேள்வி, ‘எங்கே போனால் காலையில் எண்ணெய் போடலாம்?’ என்பதுதான். புயலிலிருந்து எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது தனிக் கேள்வியாக எழவே இல்லை. 19-ஆம் தேதி அசையாமல் இருந்தது. அதற்கு முன் எண்ணெய் நிரம்ப வேண்டும். அதற்குத் தோதான இடம் வேண்டும். இந்த வரிசையில் புயல் ஓர் இடைஞ்சலாக மட்டும் வந்து போனது. ஒவ்வொரு மாற்றமும் அரை அடி எடுத்து வைப்பதாகவே இருந்தது, லூசானை விட்டுவிட்டு ஓடுவதாக ஒன்றுகூட இல்லை. அப்படி ஓடியிருந்தால் 19-ஆம் தேதி கைநழுவியிருக்கும். (அது எப்படியும் நழுவத்தான் போகிறது.)

நாசகாரிகளின் மட்டத்தில் வேறொரு முடிவு காத்திருந்தது. காலியான எண்ணெய்த் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் கப்பலின் அடி கனக்கும், சாய்ந்தாலும் நிமிரும். ஆனால் காலையில் எண்ணெய் வரப்போகிறது என்றால் அந்த நீரை முதலில் வெளியே இறைக்க வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். எண்ணெய்க் கப்பல் பக்கத்தில் வரும்போது ‘இருங்கள், இன்னும் தண்ணீர் இறைக்கவில்லை’ என்று சொல்ல எந்தத் தலைவருக்குத்தான் மனம் வரும்? மிகவும் வற்றியிருந்த மூன்று கப்பல்கள் ஸ்பென்ஸ், ஹிக்காக்ஸ், மேடாக்ஸ். மூன்றும் எண்ணெய்த் தொகுதியோடே அனுப்பப்பட்டிருந்தன. இருவர் நீரை ஏற்றினார்கள், பிழைத்தார்கள். ஸ்பென்ஸ் காத்திருந்தது, அங்கே நீர் ஏற்றத் தொடங்கியபோது நேரம் கடந்திருந்தது.

18-ஆம் தேதி

விடிவதற்கு முன், 5 மணி வாக்கில், படைத் தலைவர் தன் கீழுள்ள இரண்டு தளபதிகளிடம் புயலின் மையம் எங்கே என்று கேட்டார். தெளிவான, ஒத்துப்போகும் பதில் கிடைக்கவில்லை. 7 மணிக்குப் படை வடகிழக்கே திரும்பி மறுபடி எண்ணெய் நிரப்பப் பார்த்தது. வருகிற புயலுக்கு எதிரே போனார்கள் என்றே சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் அது நடக்காது என்று தெரிந்து தெற்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் 19-ஆம் தேதி வர முடியாது என்று தரைப்படைத் தளபதிக்குச் செய்தி போனது.

காலை 10 மணிக்கு மேல் காற்றழுத்தமானிகளின் முள் விழத் தொடங்கியது. ஒரு விமானம் தாங்கிக் கப்பலின் ராடார் திரையில் புயலின் கண்ணே வட்டமாகத் தெரிந்தது. ஆனாலும் அணிவகுப்பு கலையவில்லை. சிறு கப்பல்கள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தன. அவரவருக்கு வசதியான திசையில் போய்க்கொள்ளலாம் என்ற அனுமதி நண்பகலை ஒட்டித்தான் வந்தது. ‘சூறாவளி’ என்ற சொல் தலைமைக் கப்பலிலிருந்து வெளியே போனது அதற்கும் பிறகு, பிற்பகலில். அதற்குள் மூன்று கப்பல்கள் இல்லை.

ஸ்பென்ஸ் முதலில் போனது. உள்ளே புகுந்த நீரில் மின் இணைப்புகள் கெட்டு, சுக்கான் ஒரு பக்கமாகத் திருகி நின்றுவிட்டது. 11 மணிக்கு மேல் இடப்பக்கம் சாய்ந்தது, ஒருமுறை நிமிர்ந்தது, அடுத்த முறை நிமிரவில்லை. 24 பேர் பிழைத்தார்கள்.

'ஹல்', 'மோனஹான்' இரண்டும் நண்பகலை ஒட்டி. இந்த இரண்டிலும் எண்ணெய் முக்கால் தொட்டி அளவில் இருந்தது. அதனால்தான் நீர் ஏற்றத் தேவையில்லை என்று விட்டார்கள். ஆனால் இவை 1930-களில் கட்டப்பட்ட பழைய வகை. போர்க்காலத்தில் மேல்தளத்தில் ராடாரும் கூடுதல் துப்பாக்கிகளும் ஏற்றி ஏற்றி மேல்பாரம் கூடியிருந்தது. மோனஹானின் தலைவர் சில வாரங்களுக்கு முன்புதான் பொறுப்பேற்றவர். அந்தக் கப்பலுக்கோ பழைய பெருமை ஒன்று உண்டு: 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு ஜப்பானியக் குறுநீர்மூழ்கியை மோதி மூழ்கடித்த கப்பல் அது. ஹல்லில் 62 பேரும் மோனஹானில் 6 பேரும் மிஞ்சினார்கள்.

இதே பழைய வகையைச் சேர்ந்த 'டூயி'யும் அதே கடலில் இருந்தது. அது 75 பாகை வரை சாய்ந்ததாகப் பதிவு. கப்பல்தளம் சுவராகவும் பக்கச் சுவர் தளமாகவும் ஆகிவிட்ட சாய்வு அது. கப்பலை இயக்கும் மேடையில் நின்றவர்கள் கையில் அகப்பட்ட கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள், நேர் கீழே கடல். காற்றழுத்தமானி 27.30 அங்குலத்துக்கு விழுந்தது. சாதாரண நாளில் அது 30-ஐ ஒட்டி நிற்கும். காற்று வந்த பக்கத்துத் தொட்டிகளில் நீரை ஏற்றச் சொல்லியிருந்தார் அதன் தலைவர். அப்புறம் ஒரு புகைக்கூண்டு முறிந்து விழுந்தது. காற்று பிடித்துத் தள்ள ஒரு பெரிய பரப்பு குறைந்ததால் கப்பலுக்கு அது உதவியாகவே அமைந்தது. டூயி பிழைத்தது.

'மான்டரே' என்ற சிறிய விமானம் தாங்கியில் கட்டவிழ்ந்த விமானங்கள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான இளம் அதிகாரி ஒருவர் அந்தக் கப்பலின் தளத்தில் சறுக்கிக்கொண்டே போய், விளிம்பில் இருந்த இரும்பு வரம்பில் கால் தட்டி நின்றதால் தப்பினார்.

தேடல்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒரு சின்னக் கப்பலில் எடுக்கப்பட்டது. 'டேபரர்' ஒரு துணைக் காவல் நாசகாரி. அதன் தலைவர் நிரந்தரக் கடற்படையைச் சேர்ந்தவர்கூட இல்லை, போருக்காக அழைக்கப்பட்ட இருப்புப் படை அதிகாரி. புயலில் அவர் கப்பலின் கொடிமரம் முறிந்து வானொலியும் போயிருந்தது. 18 இரவு, தற்காலிக வானொலிக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலுமி இருட்டில் நீரில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார். அது ஹல்லிலிருந்து தப்பியவர். ஒரு கப்பல் மூழ்கிவிட்டது என்பதே அப்போதுதான் தெரிந்தது. படைத் தலைவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது மறுநாள் பிறந்துவிட்டது.

எதிரியின் நீர்மூழ்கிகள் திரியும் கடலில் இரவில் விளக்கைப் போட்டுத் தேடினார் அந்தத் தலைவர். மிதப்பவருக்குக் காற்று வரும் பக்கமாகப் போய்க் கப்பலை நிறுத்தி, காற்றே கப்பலை மெல்ல அவரிடம் தள்ளிக்கொண்டு போகும்படி விட்டார். பக்கவாட்டில் சரக்கு வலையைத் தொங்கவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிய நீச்சல்காரர்களை இறக்கினார். சுறா நெருங்கியபோது மேலிருந்து துப்பாக்கியால் சுட்டு விரட்டினார்கள். கிளம்பி வரச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் தேடலை விடவில்லை. இரண்டு நாளுக்கு மேல் தேடி 55 பேரைத் தூக்கினார். மோனஹானின் ஆறு பேரை 'பிரவுன்' என்ற நாசகாரி 21-ஆம் தேதி கண்டெடுத்தது. உத்தரவை மீறியதற்காக டேபரரின் தலைவருக்குத் தண்டனை இல்லை, பதக்கம் கிடைத்தது.

விசாரணை

படை 24-ஆம் தேதி உலித்தி பவளத்தீவுத் துறைமுகத்துக்குத் திரும்பியது. 26-ஆம் தேதியே 'காஸ்கேட்' என்ற பழுதுபார்க்கும் கப்பலில் விசாரணை மன்றம் கூடியது. போர் நடுவில் இவ்வளவு விரைவாகக் கூட்டியதே பாராட்டத் தக்கது.

பெரும்பாலான பொறுப்பு படைத் தலைவருடையது என்று மன்றம் சொன்னது. ஆனால் போர்ச்சூழலின் நெருக்கடியில், கொடுத்த கடமையை நிறைவேற்றும் நல்ல விருப்பத்தில் நேர்ந்த கணிப்புப் பிழைகள் இவை என்றும் சேர்த்துக்கொண்டது. தண்டனை எதுவும் இல்லை. சரிதான் என்பவர்களும் உண்டு, கண்துடைப்பு என்பவர்களும் உண்டு. ஒரு போர்த் தளபதி தன் வாக்கைக் காப்பாற்றப் பார்த்ததைக் குற்றமாக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் ‘நல்ல விருப்பம்’ என்ற சொல் அந்த 17-ஆம் தேதிப் பகலை மூடி மறைத்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

அதைவிடக் கூர்மையானது, 1945 பிப்ரவரியில் பசிபிக் தலைமைத் தளபதி தன் கப்பல்களுக்கெல்லாம் எழுதிய கடிதம். வானிலை எச்சரிக்கை மேலிருந்து வரும் என்று காத்திருந்து கண் முன்னே இருந்த அடையாளங்களைக் கப்பல் தலைவர்கள் விட்டுவிட்டார்கள் என்றார். அணிவகுப்பில் இடம்பிடிக்கும் முயற்சியைக் கைவிட்டுக் கப்பலைக் காப்பாற்றுவதில் இன்னும் முன்னதாகவே இறங்கியிருக்க வேண்டும் என்றார். முன்னெச்சரிக்கை பிறகு தேவையற்றதாகிவிடுமோ என்று தயங்குவதைவிட மாலுமிக்கு ஆபத்தான குணம் வேறில்லை என்பதும் அதில் இருந்தது. நீர் ஏற்றாமல் காத்திருந்த ஸ்பென்ஸை நினைக்காமல் அந்த வரியைப் படிக்க முடியாது.

எது மாற வேண்டும், எது மாறியது

என்னைக் கேட்டால் முதலில் மாற்ற வேண்டியது செய்தி ஓடும் திசையை. எல்லாக் கப்பல்களிலும் காற்றழுத்தமானியின் முள் விழுவதை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தலைமைக் கப்பலில் இருப்பவர்களுக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் பலரும் வாய் திறக்கவில்லை. மேலே இருந்தவரோ கீழிருந்து எச்சரிக்கை வரவில்லை என்பதால் நிலைமை மோசமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் கேட்காமலே சொல்ல வேண்டும் என்று ஓர் எண் வைத்திருந்தால் போதும். இரண்டாவது, நீர் ஏற்றும் முடிவை எண்ணெய் நிரப்பும் நேர அட்டவணையிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதைக் கப்பல் தலைவரின் துணிச்சலுக்கு விட்டதில்தான் மூன்று கப்பல்களில் ஒன்று போனது.

உண்மையில் நடந்த மாற்றம் வானிலைப் பக்கம்தான். 1945 ஜூனில் குவாம் தீவில் சூறாவளிகளைப் பின்தொடர ஒரு மையம் திறந்தார்கள்.

அதே ஜூன் 5 அன்று, அதே படைத் தலைவரின் கீழ், ஒகினாவாவுக்குத் தென்கிழக்கே படை இன்னொரு சூறாவளியில் மாட்டியது. 6 பேர் இறந்தார்கள், 76 விமானங்கள் போயின. இரண்டாவது விசாரணை மன்றம் அவரை வேறு பணிக்கு மாற்றுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. மாற்றவில்லை. போர் முடியும் தறுவாயில் இருந்தது, மக்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கும் அப்படி.

அந்த ஜூன் புயலில் 'பிட்ஸ்பர்க்' என்ற குரூசரின் அணியம் (கப்பலின் முன்முனை) 104 அடி நீளத்துக்கு ஒடிந்து தனியே போனது. முன்பகுதியில் தூங்குபவர்களை அதன் தலைவர் முன்கூட்டியே பின்னுக்கு வரச் சொல்லியிருந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒடிந்த அணியம் மூழ்காமல் மிதந்துகொண்டிருந்தது. அதை ஒரு இழுவைக் கப்பல் பிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்த இடம், அந்தப் புது மையம் திறந்த அதே குவாம்.